ஈஜாபும் கபூலும்: அவசர கருத்தடை மாத்திரை பற்றி ஒரு விளக்கம்

கைக்குழந்தைக்குப் பாலூட்டி வரும் ஒரு தாய். உடனே அடுத்த பிரசவத்தைத் தாங்க உடம்பில் தெம்பில்லை என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். ஓரிரவு, கணவர் அணிந்த உறை கிழிந்துவிடுகிறது. மாத்திரை சாப்பிட்டால் ஓர் உயிரைக் கொன்ற பாவம் சேருமோ என்று இருவரும் கலங்குகின்றனர். ஆலிமிடம் கேட்க வெட்கம், மாமியிடம் சொல்ல அச்சம். அப்படியே மூன்று நாட்கள் கழிந்துவிடுகின்றன. இம்மாத்திரைக்குரிய தவணையும் அந்த மூன்று நாட்கள்தான்.

இம்மாத்திரையில் உள்ளது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் மருந்து, அளவு 1.5 மில்லி கிராம். ஒரே வேளை, 72 மணி நேரத்திற்குள், எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நன்று.

கூடியவுடன் கரு உண்டாகிவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. ஆணின் விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். சினைமுட்டையோ வெளிவந்தபின் ஒரு நாளே தாங்கும். எனவே பல வேளைகளில் விந்து முன்னே வந்து முட்டைக்காகக் காத்திருக்கிறது. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஒரு சுரப்பை வேகமாக இரத்தத்தில் பாய்ச்சினால்தான் முட்டை வெளிப்படும். மாத்திரை அந்தப் பாய்ச்சலை அடக்கி முட்டையைத் தாமதப்படுத்துகிறது. அதற்குள் விந்தணு மடிந்துவிடுகிறது. பாய்ச்சல் தொடங்கிய பிறகு சாப்பிட்டால் பெரும்பாலும் பலனில்லை. கருப்பையில் தங்கிவிட்ட கருவை இது கலைப்பதில்லை, அதற்கு ஊறு செய்வதுமில்லை. கருக்கலைப்பு மாத்திரை முற்றிலும் வேறு. கருப்பையில் கரு ஒட்டுவதைக்கூட இது தடுப்பதில்லை என்று அமெரிக்க மருந்துத் துறை 2022 டிசம்பரில் இம்மாத்திரையின் விவரச் சீட்டைத் திருத்தியது.

இனி மார்க்கத்தைப் பார்ப்போம். குர்ஆன் அருளப்பெற்று வந்த காலத்திலேயே தாங்கள் அஸ்லு, அதாவது விந்தை வெளியே விடுதல், செய்துவந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் நிகாஹ் பாடத்தில் இதற்கு அழகானதோர் உவமை கூறுகிறார்கள். ஆணின் நீர் ஈஜாப், பெண்ணின் நீர் கபூல். கபூல் சொல்லப்படுமுன் ஈஜாபைத் திரும்பப் பெற்றவர் எந்த ஒப்பந்தத்தையும் முறித்தவராக மாட்டார். இரண்டும் கலந்து கருவறையில் தங்கியபின் கலைப்பதோ குற்றம், நாள் செல்லச் செல்லக் கடுமையாகும் குற்றம். நம் மாத்திரை கபூல் வரும் முன்பே நின்றுவிடுவதால், இதைக் கருக்கலைப்போடு சேர்ப்பதைவிட அஸ்லின் வரிசையில் வைப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. காப்பர்-டி சாதனத்திற்கு இதே வாதத்தை அப்படியே பொருத்திவிடக் கூடாது. அது விந்தணுவைச் செயலிழக்கச் செய்வதோடு, கரு ஒட்டுவதையும் தடுக்கக் கூடும்.

மருந்துச் சீட்டின்றி விற்க இந்திய அரசு 2005இல் அனுமதித்தது. ஆயினும் களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்துக் கடைகளில் கிடைப்பது, இப்பால் நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. கடைக்காரர் இல்லையென்றதும் விட்டுவிடாமல், அன்றே மகப்பேறு மருத்துவரையோ அரசு சுகாதார நிலையத்தையோ அணுகுக. காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து சாப்பிடுபவர் அதையும் சொல்ல வேண்டும், சில மருந்துகள் இதன் வலுவைக் குறைத்துவிடும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்திற்குள் வாந்தியெடுத்தால் மறுபடியும் சாப்பிட வேண்டும். வழக்கமான கருத்தடையாக இதை வைத்துக்கொள்ளலாகாது, அதற்கு இதைவிட உறுதியான வழிகள் உண்டு.

சகோதரிகள் அதிகம் குழம்புவது பிறகு காணும் இரத்தத்தில்தான். ஒருவருக்கு ஹைளு ஆறு நாளில் நின்றது. 13ஆம் நாள் மாத்திரை, 18ஆம் நாள் சிறிது உதிரம். இடையில் தூய்மை 11 நாட்களே. இரு ஹைளுகளுக்கிடையே குறைந்தது 15 நாள் தூய்மை வேண்டுமென்பது ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபுகளின் சட்டமாதலால், இது இஸ்திஹாளா. தொழுகையை விடக் கூடாது, நோன்பும் கூடும். கழுவிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பர்ளுக்கும் நேரம் வந்தபின் ஒளுச் செய்து தொழ வேண்டும். 15 நாள் தூய்மை நிறைந்தபின் வந்த இரத்தம் ஷாபிஈயில் ஒரு பகல் ஓரிரவும், ஹனபியில் மூன்று நாட்களும் நீடித்தால் ஹைளாகும். மாதவிடாய் ஒரு வாரத்திற்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்க.