தக்காளி விலை ஏறும்போது

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. மழை கெடுத்தால் மறுபடியும் ஏறும். அப்போது பாட்டி வைத்த மிளகு ரசம்தான் கைகொடுக்கும்: நெல்லிக்காய் அளவு புளி, மிளகு, சீரகம், பூண்டு. தக்காளியே வேண்டாம். நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் மணம் போய்விடும். இட்லிக்குப் பீர்க்கங்காய்த் தோல் துவையல் போதும், அதன் ருசியே தனி.

விலை இறங்கியதும் இரண்டு கிலோ வாங்கித் தொக்கு கிளறுங்கள். நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரியும்வரை அடுப்பை விட்டு நகராதீர்கள். அவசரப்பட்டால் பூசணம் பிடிக்கும். நன்றாக ஆறிய பிறகே கண்ணாடி பாட்டிலில் நிரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுக்கும் கரண்டியில் ஒரு சொட்டு ஈரமும் இருக்கக் கூடாது.