விளக்கெண்ணெயில் பறந்த விமானம்

எது எங்கிருந்து வந்தது? கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ எழுதி முடித்துவிட்டாள். ரிமோட்டில் பறக்கிற மாடல் விமானத்தைத் தானே செய்து பறக்கவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். லாரி எஞ்சினை இறக்கி ஏற்றுவது என் தொழில். உள்ளங்கையில் அடங்கும் எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. கொடுக்கிற காசுக்கு எதை வாங்கித் தரலாம்? இந்தக் குட்டி எஞ்சினை முதலில் செய்தது யார்?
— லாரிப் பட்டறைக்காரர், நாமக்கல்

பதில்: காசு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு இது முதல் விமானம் என்றால் எரிபொருள் ஊற்றி ஓட்டும் எஞ்சின் இப்போது வேண்டாம். பேட்டரியில் ஓடும் பிரஷ்லெஸ் மோட்டார் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். கடையில் ‘2212’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சில நூறு ரூபாய்தான். கூடவே 30 ஆம்பியர் ஸ்பீடு கன்ட்ரோலர், 11.1 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி, அதற்கென்றே உள்ள சார்ஜர். முக்கால் கிலோ எடையில் தெர்மாகோல் அட்டை விமானம் ஒன்றைத் தூக்க இது தாராளம்.

இனி கதைக்கு வருவோம். மாடல் விமானத்துக்கு முதலில் எளிதாகக் கைகொடுத்த சக்தி ரப்பர்தான். 1871-இல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர், முறுக்கிய ரப்பர் நாடாவின் வேகத்தில் ஒரு சிறு விமானத்தை 11 விநாடி பறக்கவிட்டுக் காட்டினார். அடுத்த 60 ஆண்டு ரப்பர்தான் ராஜா. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பில் பிரவுன் என்பவர் 10 சி.சி. அளவில் ஒரு பெட்ரோல் எஞ்சின் செய்தார். அதைப் பொருத்திய விமானத்தோடு மேக்ஸ்வெல் பாசெட் என்ற இளைஞர் 1933 தேசியப் போட்டிக்குப் போய், ரப்பர் விமானக்காரர்களுக்குப் பரிசே மிச்சம் வைக்காமல் அள்ளிவிட்டார். அதன் பிறகுதான் எஞ்சின் விமானங்களுக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். ‘பிரவுன் ஜூனியர்’ என்ற பெயரில் அந்த எஞ்சின் 1934 முதல் விற்பனைக்கு வந்தது.

அதில் ஒரு தொல்லை இருந்தது. பாயிண்ட், காயில், கன்டென்ஸர், பேட்டரி என்று பழைய பெட்ரோல் ஜீப்பில் நீங்கள் கழற்றி மாட்டிய அத்தனையும் அந்தக் குட்டி விமானமும் சுமக்க வேண்டும். 1947-இல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் அவ்வளவையும் தூக்கி எறிந்துவிட்டார். பிளக்கின் அடியில் ஒரு பிளாட்டினக் கம்பிச் சுருள், எரிபொருளாக மெத்தனால். வேன் எஞ்சினின் ஹீட்டர் பிளக் மாதிரிதான். ஒன்றரை வோல்ட் கொடுத்துக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஒயரைக் கழற்றிவிட வேண்டியது. அதற்குப் பிறகும் கம்பி தணல் மாதிரி கனன்றுகொண்டே இருக்கும். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் பட்டதும் நடக்கிற வேதிவினை அந்தச் சூட்டைத் தக்கவைக்க உதவுகிறது. பிளாட்டினத்துக்கு இப்படி ஒரு குணம் உண்டு என்பது பழைய செய்தி: 1823-லேயே ஜெர்மனியின் யேனா நகரத்து டோபரைனர், ஹைட்ரஜனைப் பிளாட்டினத்தின் மேல் ஊதித் தீப்பெட்டி இல்லாமல் விளக்கேற்றியவர். அது ஒரு குட்டி எஞ்சினுக்குள் வந்து சேர 124 வருடம் ஆயிற்று.

இவ்வளவு அழகான எஞ்சினை ஏன் வேண்டாம் என்கிறேன்? எஞ்சினில் குறை ஒன்றுமில்லை. ஒசாகாவில் 1936-இல் ஷிகேயோ ஒகாவா தொடங்கிய ஓ.எஸ். எஞ்சின்களைப் போன்றவை முறையாக வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் உழைக்கும். பழகுவோர் வாங்குவது ‘46’ அளவு, 0.46 கன அங்குலம், அதாவது ஏழரை சி.சி. ஆனால் நல்லதாக ஒன்று வாங்கப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். எரிபொருள், பிளக் சூடேற்றி, டேங்க், டியூப் எல்லாம் அதற்கு மேல். இதைவிடப் பெரிய செலவு நேரம். பழகுகிற பிள்ளை முதல் மாதம் விழத்தான் செய்வாள். எஞ்சின் மூக்கு மண்ணில் குத்தினால் கழற்றிக் கழுவி, கார்புரேட்டர் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பதம் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மோட்டார் விமானம் விழுந்தால் புரொப்பெல்லரை மாற்றி, மூக்கைப் பசை போட்டு ஒட்டினால் அரை மணியில் மறுபடி வானத்தில் இருக்கும். ஒரு ரூபாய்க்கு எத்தனை முறை பறந்தாள் என்று கணக்குப் பாருங்கள். பழகுகிறவருக்கு அதுதான் விலை.

ஒரு வருடம் பறந்துவிட்டு அப்போதும் எஞ்சின் வேண்டும் என்று கேட்டால், பழைய எஞ்சின் வாங்க உங்களைவிடச் சரியான ஆள் அவளுக்குக் கிடைக்க மாட்டார். புரொப்பெல்லரைக் கையால் சுற்றி கம்ப்ரெஷன் பாருங்கள். ஹெட் ஸ்குரூக்களின் தலை தேய்ந்திருந்தால் பலர் கைபட்டது. பேரிங் கரகரத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஒன்றில் மட்டும் உங்கள் அனுபவம் ஏமாற்றும். இவற்றில் பலவற்றில் பித்தளை லைனருக்குள் குரோமியம் பூசி, அலுமினியப் பிஸ்டன் போட்டிருப்பார்கள், ரிங் கிடையாது. லைனர் மேலே போகப் போகக் குறுகும்படி கடைந்தது. குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் ‘கிச்’சென்று பிடிக்கும். ஜாம் ஆகிவிட்டது என்று தள்ளிவிடாதீர்கள். சூடேறினால் பித்தளை விரிந்து வழிவிடும். அந்தப் பிடிப்பு இருந்தால்தான் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: நிலக்கடலைக் காட்டில் வரப்போரம் ஆமணக்கு போடுகிறோம். விளையாட்டு விமானத்துக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள் என்று பேரன் சொல்கிறான். நிஜமா?
— விவசாயி, ஏத்தாப்பூர் அருகில்

பதில்: நிஜம்தான் ஐயா. விளையாட்டு விமானம் மட்டுமில்லை, முதல் உலகப் போரில் ஆள் ஏறிப் பறந்த விமானங்களிலேயே பல உங்கள் ஆமணக்கு எண்ணெயில்தான் பறந்தன.

அந்தக் காலத்து நோம் எஞ்சின் ஒரு விசித்திரம். பிரான்ஸில் செகான் சகோதரர்கள் செய்தது. நடுவில் உள்ள கிராங்க் ஷாஃப்ட் விமானத்தோடு இறுக்கிக் கட்டப்பட்டு அசையாமல் நிற்கும். சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பெல்லரோடு சேர்ந்து சக்கரம் போலச் சுற்றும். பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். சாதாரண எஞ்சின் ஆயிலை ஊற்றினால் பெட்ரோல் அதைக் கரைத்துக் கழுவிக்கொண்டு போய்விடும். ஆமணக்கு எண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது. போன இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு முறை போன எண்ணெய் திரும்பி வராது. எரிந்ததும் எரியாததுமாக வெளியே சிதறும். பைலட்டின் முகமும் கண்ணாடியும் எண்ணெயில் குளித்திருக்கும். இன்று லாரிக்காரர் எல்லோருக்கும் தெரிந்த ‘காஸ்ட்ரால்’ என்ற பெயரே 1909-இல் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான ‘காஸ்டர்’ என்பதிலிருந்து வைத்ததுதான்.

ரே ஆர்டனின் மெத்தனால் எஞ்சினுக்கு வரும்போது கதை அப்படியே தலைகீழாகிறது. டூ ஸ்ட்ரோக் வண்டி மாதிரி இதற்கும் எண்ணெயை எரிபொருளிலேயே கலந்து ஊற்ற வேண்டும். தரைக்கடியில் எடுக்கிற கச்சா எண்ணெயின் ஆயில் மெத்தனாலில் கலக்காது. பாட்டிலில் குலுக்கி வைத்தால் பிரிந்து நிற்கும். ஆமணக்கு எண்ணெய் சேர்ந்துகொள்ளும். அதில் பெரும்பகுதியாக உள்ள ரிசினோலிக் அமிலத்தில், ஆல்கஹாலோடு உறவாடும் ஒரு கை கூடுதலாக இருக்கிறது. பெட்ரோலை விலக்குவதும் மெத்தனாலைச் சேர்ப்பதும் அந்த ஒரே கைதான். லிட்டருக்குச் சுமார் 200 மில்லி எண்ணெய் கலப்பது பழைய வழக்கம். இப்போது செயற்கை எண்ணெய்கள் வந்துவிட்டன. ஆனாலும் எஞ்சின் எரிபொருள் பற்றாமல் கொதிக்கிற நேரத்தில் செயற்கை எண்ணெய் கைவிட்டாலும் ஆமணக்கு எண்ணெய் கைவிடாது என்பதால், பலர் கொஞ்சமாவது அதைச் சேர்க்கிறார்கள். அதிகச் சூட்டில் அது அரக்கு போலக் கெட்டியாகிச் சிலிண்டரில் படியும். பழைய எஞ்சின் ஒன்றின் ஹெட்டைக் கழற்றினால் தேன் நிறத்தில் ஒரு படலம் தெரியும். ஒரு காலத்தில் அந்தப் புகை அடித்த மைதானத்தில் நின்றவர்கள் யாரும் அதன் வாசனையை மறக்க மாட்டார்கள்.

கடையில் விற்கும் விளக்கெண்ணெயை ஊற்றலாமா என்று பேரன் கேட்பான். கூடாது. கொட்டைமுத்தை வறுத்து இடித்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து வழித்தெடுக்கிற எண்ணெயில் ஈரமும் பிசினும் இருக்கும். எஞ்சினுக்கு ஈரம் நீக்கிச் சுத்திகரித்ததுதான் வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே; ஒய்.ஆர்.சி.எச். 1 என்ற வீரிய ஒட்டு ஆமணக்கின் பெயரில் முதலில் நிற்கும் ‘ஒய்’ ஏத்தாப்பூர்தான். ஒரு முறை பேரனை அங்கே கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

எண்ணெய் இந்த மண்ணில் விளைகிறது. மெத்தனால் விஷயத்தில் மட்டும் நான் கறாராகத்தான் சொல்வேன். 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். சேலம் அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தும் பிழைக்காதவர்கள் அதில் உண்டு. தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருக்கவும் விற்கவும் 1959 முதலே தனி விதிகள் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் தொடக் கூடாத பொருள். அந்தக் கட்டுப்பாடு உயிருக்குப் பயந்து போட்டது. விளையாட்டுக்காகக் குறுக்கு வழியில் யாரும் அதைத் தேடிப் போக வேண்டாம். டீசலை ஓஸில் வாய்வைத்து உறிஞ்சி இழுக்கிற பழக்கம் பட்டறைகளில் உண்டு. மெத்தனாலில் அதைச் செய்தால் ஒரு மடக்கு போதும், கண் போய்விடும். தோல் வழியாகவும் ஊறும். அது எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்கே தெரியாது. பட்டறைக்காரருக்கு முதல் பதிலில் பேட்டரியைச் சொன்னதற்குப் பெரிய காரணம் இதுதான்.

கேள்வி: போர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். ஒரு கல்லூரி மாணவர் விமான மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார். எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை. மூன்று ஒயர். அச்சோடு சேர்ந்து வெளிக்கூடு சுற்றுகிறது. மேலே ‘2212, 1000 கே.வி.’ என்று இருக்கிறது. ஆயிரம் கிலோவோல்ட்டா?
— காயில் கட்டுபவர், ராசிபுரம்

பதில்: கிலோவோல்ட் இல்லை. ஒரு வோல்ட் கொடுத்தால் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதே அந்த ‘கே.வி.’. 11.1 வோல்ட் பேட்டரி மாட்டினால் சுமார் 11,000 சுற்று. 22 என்பது ஸ்டேட்டரின் விட்டம், 12 என்பது உயரம், இரண்டும் மில்லிமீட்டரில்.

வெளிக்கூடு சுற்றுவது உங்களுக்குப் புதிதல்ல. தலைக்கு மேலே பாருங்கள், சீலிங் ஃபேனும் அப்படித்தானே: காயில் நடுவில் நிற்கும், கூடு சுற்றும். விவசாயிக்குச் சொன்ன நோம் எஞ்சினும் அதே சாதி. உள்ளே போர் மோட்டார் மாதிரி மூன்று ஃபேஸ்தான். கூட்டின் உட்பக்கம் வட்டமாகக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் 12 ஸ்லாட், 14 காந்தம். எந்த ஃபேஸுக்கு எப்போது கரண்ட் விடுவது என்பதை ஸ்பீடு கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். திசை மாற்ற வேண்டுமா? போர் மோட்டாருக்குச் செய்வதையே செய்யுங்கள். மூன்றில் எந்த இரண்டு ஒயரையாவது மாற்றிப் போட்டால் போதும்.

மின்சாரத்தில் பறப்பது 1957-லேயே நடந்துவிட்டது. இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் ‘ரேடியோ குயின்’ விமானத்தைப் பேட்டரியில் பறக்கவிட்டார். ஆனால் மோட்டாரும் பேட்டரியும் கனம் என்பதால் ரொம்ப காலம் எஞ்சினோடு போட்டி போட முடியவில்லை. இப்போதைய மோட்டாரின் பூர்வீகம் சி.டி. டிரைவ்! தட்டைச் சுற்றவைக்கும் குட்டி மோட்டாரைப் பிரித்து, பலமான நியோடிமியம் காந்தம் ஒட்டி, தடித்த கம்பி சுற்றிப் பார்த்தார்கள் பொழுதுபோக்கு ஆர்வலர்கள். 2000-ஐ ஒட்டி ஜெர்மனியில் லூகாஸ், ரெட்ஸ்பாஹ், குஃபஸ் என்ற மூவர் செய்து வெளியிட்ட வடிவம் அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் ‘எல்.ஆர்.கே.’ என்றே வழங்கியது. பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல், வீட்டு மேசைகளில் கையால் காயில் சுற்றியவர்கள் தொடங்கிவைத்த மாற்றம் இது. உங்கள் தொழில்காரர்கள் என்றே சொல்லலாம்.

அந்த மாணவர் எரித்துக்கொண்டு வந்திருந்தால் தாராளமாகத் திருப்பிச் சுற்றிக் கொடுங்கள். பழைய சுற்று எத்தனை என்று எண்ணி அதே எண்ணிக்கையில் சுற்றுங்கள். சுற்றைக் குறைத்தால் கே.வி. ஏறும், ஆம்பியரும் ஏறும். எரிந்த காரணத்தையும் கேளுங்கள். அநேகமாகப் பெரிய புரொப்பெல்லர் போட்டிருப்பார். 1000 கே.வி.க்கு 10 அங்குலம் பொருந்தும். அதே புரொப்பெல்லரை 1400 கே.வி.யில் மாட்டினால், உங்களுக்கு நன்றாகப் பழகிய வார்னிஷ் கருகும் நாற்றம்தான் மிச்சம்.

கேள்வி: பையன்கள் எங்கள் கோழிப்பண்ணைக்கு மேலேயே விமானம் விடுகிறார்கள். கேட்பாரில்லையா?
— பண்ணையாளர், பரமத்தி

பதில்: 2021 டிரோன் விதிகளில் மாடல் விமானமும் அடங்கும். 2 கிலோவுக்குட்பட்டதை வணிக நோக்கமில்லாமல் ஓட்டப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் பொழுதுபோக்கு மாடல் எப்போதும் ஓட்டுபவரின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. ஓமலூர்ப் பக்கம் சேலம் விமான நிலையத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் விடவே கூடாது.

பண்ணை விஷயம் சட்டம் பார்த்துச் சொல்ல வேண்டியதல்ல. திடீர்ச் சத்தமும் தலைக்கு மேல் பருந்து போல ஓடும் நிழலும் முட்டைக் கோழிக்கு ஆகாது என்பது நாமக்கல்லில் பிறந்த பையன்களுக்குத் தெரியாதா? கூப்பிட்டு, கொட்டகையிலிருந்து தள்ளி அறுவடை முடிந்த கடலைக் காடு ஒன்றைக் காட்டிவிடுங்கள். காற்று கிளம்புவதற்கு முன், காலை ஆறரை மணிக்கு வரச் சொல்லுங்கள். கடலை பிடுங்கிய மண் பொலபொலவென்று இருக்கும்; விமானம் விழுந்தாலும் இறக்கை முறியாது. இறங்கும்போது தரைக்கு ஒரு முழம் இருக்கையிலேயே மோட்டாரை நிறுத்திவிட்டால் புரொப்பெல்லரும் தப்பும்.