கையெழுத்துப் போடும் முன்

அன்பு மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. பட்டாளத்தில் நீ பேப்பர் போட்டுவிட்டதாக உன் அப்பன் போனில் சொன்னான். அவன் குரலே சரியில்லை. சீட்டுத் தருகிறார்களாம், தேர்தல் செலவை உன் சிநேகிதர் ஒருவர் பார்த்துக்கொள்வாராம். ‘பட்டாளத்துக்காரர் கிராண்ட் அமெரிக்காவையே ஆளவில்லையா?’ என்று அவன் வாயை அடைத்தாயாம். கிராண்டை நானும் படித்திருக்கிறேன், சாமி.

போர்க்களத்தில் அவரைக் குறை சொல்ல நான் யார்? 1854-இல் ராணுவத்தை விட்டு, விறகு விற்று, கலீனாவில் அப்பாவின் தோல் கடையில் தம்பிகளோடு ஒண்டிக் கிடந்த மனிதர், உள்நாட்டுப் போரில், 1865-இல் அப்போமாட்டாக்ஸில் எதிர்ப்படைத் தளபதி லீயைச் சரணடைய வைத்தார். 1869-இல் அதிபர். கறுப்பின மக்களை மிரட்டிய கூ க்ளக்ஸ் கிளானை ஒடுக்க 1871-இல் சட்டம் கொண்டுவந்ததற்கே அவரைக் கும்பிடலாம்.

ஆனால் கூட நின்று சண்டை போட்டவன் மோசம் செய்யமாட்டான் என்று நம்பினார் பார், அங்கேதான் விழுந்தார். செயலாளர் பாப்காக் போர்க்காலத் தோழர். சாராய வரி மோசடியில் அவர் பேர் அடிபட்டபோது அதிபரே சாட்சி சொல்லிக் காப்பாற்றினார். போர்த்துறை அமைச்சர் பெல்க்னாப்பும் பழைய தளபதிதான். ராணுவ முகாம் கடைக் குத்தகையில் பணம் பார்த்து, 1876-இல் அழுதுகொண்டே ராஜினாமா செய்தார்.

பதவிக்குப் பிறகாவது தெளிந்தாரா? மகனோடு கம்பெனியில் கூட்டுச் சேர்ந்த வார்ட் என்ற பையன் நீட்டிய தாள்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். 1884 மே, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரே நாள் கைமாற்று என்று அவன் சொல்ல, கால் அடிபட்டு ஊன்றுகோலில் நடந்தவர் கோடீஸ்வரர் வாண்டர்பில்ட் வீட்டுக்கே போய் 1,50,000 டாலருக்குக் காசோலை வாங்கிவந்தார். செவ்வாயன்று கம்பெனி திவால். கையில் மிஞ்சியது சுமார் 80 டாலர். வாள், பதக்கம் எல்லாம் அந்தக் கடனுக்கு ஈடாகப் போயின. அதிபராக வேண்டி ராணுவப் பதவியை விட்டபோதே அந்தப் பென்ஷனும் போயிருந்தது. தொண்டைப் புற்றோடு, மனைவிக்கு ஏதாவது மிஞ்சட்டும் என்று தன் கதையை எழுதி முடித்தார். சில நாளில், 1885 ஜூலையில், கண்ணை மூடினார். புத்தகம் சக்கைப்போடு போட்டது வாஸ்தவம். அவர் பார்க்கவில்லையே!

உன் தாத்தா மட்டும் என்ன? ‘கூடப் படிச்சவன்’ என்று ஜாமீன் கையெழுத்துப் போட்டார், கீழக்காடு போயிற்று. ஏலம் போட வந்தவர்களுக்கு அப்பத்தா மோர் கொடுத்ததை உன் அப்பனிடம் கேள். அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் நான் இன்றும் மறுபக்க ஜன்னலைத்தான் பார்ப்பேன்.

முடிவு உன்னுடையது, நான் தடுக்கவில்லை. பென்ஷனுக்கு இன்னும் நாலே வருஷம், மருமகளுக்கு இது ஏழாம் மாசம், அவ்வளவுதான் சொல்வேன். செலவு செய்கிறவர் நீட்டும் தாள் எதையும் நம் வக்கீல் பார்க்காமல் தொடாதே. போட்ட பேப்பரைத் திரும்ப வாங்க வழியுண்டா என்று சும்மா விசாரித்தும் வைத்திருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதே, கண்ணு. நீ யூனிபாரத்தில் நிற்கும் போட்டோவை நான் காட்டாத ஆள் இந்தத் தெருவில் இல்லை, பால்காரர் உட்பட. பெரியம்மா உனக்கென்று முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டு, என்னைக்கூடத் தொடவிடாமல் வைத்திருக்கிறாள். லீவு கிடைத்ததும் வா. நிற்பதுதான் என்று முடிவானால், முட்டிவலியோடு வீடு வீடாக ஏறி உனக்கு ஓட்டுக் கேட்கிற முதல் ஆள் நான்தான்.

ஆசிகளுடன்,
பெரியப்பா