எழுத்துக் கர்சர் எந்த விண்டோவில்? புதிய நிரலாளர்களுக்குச் சில அறிவுரைகள்

தட்டச்சு செய்கிறவர் கர்சர் எங்கே நிற்கிறது என்று யோசிப்பதில்லை. கண் தானாக அங்கே போய்விடும். ஆனால் தமிழ் விசைப்பலகை மென்பொருள் எழுதுகிறவருக்கும், திரைவாசிப்பான் எழுதுகிறவருக்கும், திரையைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி எழுதுகிறவருக்கும் முதல் நாளே எதிரே வந்து நிற்கும் கேள்வி அது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். பெரும்பகுதி விண்டோஸைப் பற்றியது.

1. எதைத் தேடுகிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மவுஸ் அம்புக்குறி ஒன்று. எழுத்துகளுக்கு நடுவே துடிக்கும் கோடு இன்னொன்று. விண்டோஸ் ஆவணங்களில் அம்புக்குறிக்குத்தான் கர்சர் என்று பெயர், துடிக்கும் கோட்டுக்குக் கேரட் என்று பெயர். இது தெரியாமல் கெட்-கர்சர்-போஸ் என்ற ஃபங்ஷனை அழைத்தால் மவுஸ் இருக்கும் இடம்தான் கிடைக்கும். அதேபோல முன்னால் நிற்கும் விண்டோ வேறு, விசைகளைப் பெறும் விண்டோ வேறு. பழைய நோட்பேடை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரிகிற சட்டகம் ஒரு விண்டோ. அதற்குள் எழுதும் பரப்பு எடிட் என்ற வகையைச் சேர்ந்த தனி விண்டோ. கெட்-ஃபோர்கிரவுண்ட்-விண்டோ தருவது சட்டகத்தை. ஃபோகஸும் கேரட்டும் இருப்பது உள்ளே இருக்கும் எடிட்டில்.

2. கெட்-ஃபோகஸ் வெறுமையைத் திருப்பித் தந்தால் திகைக்க வேண்டாம். அது சரியாகத்தான் வேலை செய்கிறது. 16 பிட் விண்டோஸ் காலத்தில் எல்லாப் புரோகிராம்களுக்கும் பொதுவாக ஒரே உள்ளீட்டு வரிசைதான். 32 பிட்டுக்கு வந்தபோது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி வரிசை கொடுத்தார்கள். ஒரு புரோகிராம் தொங்கிப்போனால் மற்றவையும் சேர்ந்து தொங்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதன் விளைவாக ஃபோகஸ், கேரட், விசைகளின் நிலை எல்லாமே த்ரெட்டுக்கு த்ரெட் தனியாகிவிட்டன. கெட்-ஃபோகஸும் கெட்-கேரட்-போஸும் உங்கள் த்ரெட்டுக்குள் மட்டும் பார்த்துச் சொல்கிறவை. அடுத்த புரோகிராமில் இருப்பதை அவற்றிடம் கேட்டுப் பயனில்லை.

3. அடுத்த புரோகிராமைக் கேட்பதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது: கெட்-ஜியுஐ-த்ரெட்-இன்ஃபோ. த்ரெட் எண்ணாக 0 கொடுத்தால் முன்னால் நிற்கும் த்ரெட்டின் விவரத்தைத் தரும். அந்த விவரத் தொகுப்பில் ஆக்டிவ் விண்டோ, ஃபோகஸ் விண்டோ, கேரட் விண்டோ மூன்றும் தனித்தனிப் புலங்களாக இருக்கும். கேரட்டின் செவ்வகமும் கூடவே வரும். அழைப்பதற்கு முன் தொகுப்பின் அளவை அதன் முதல் புலத்தில் எழுதிவிட வேண்டும். அதை விட்டால் அழைப்பு தோற்கும். தொடக்கக்காரர்கள் தரும் நிரலில் நான் முதலில் பார்ப்பது அந்த வரி இருக்கிறதா என்பதைத்தான்.

இன்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கணத்தில் புலங்கள் வெறுமையாக வரலாம். அதைப் பிழை என்று எண்ணிப் புரோகிராமை நிறுத்தாமல், கொஞ்சம் பொறுத்து மறுபடி கேளுங்கள். அடுத்தது, கொடிப் புலத்தில் உள்ள கேரட் பிட். அந்தக் கணத்தில் கோடு கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைத்தான் அது சொல்கிறது. கேரட் துடிக்கும் இடைவெளி இயல்பாக 530 மில்லிசெகண்ட். ஆகவே அந்த பிட் எரிந்தும் அணைந்தும் மாறிக்கொண்டே இருக்கும். அதை வைத்துக் கேரட் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கேரட் விண்டோ புலத்தைப் பாருங்கள்.

4. அட்டாச்-த்ரெட்-இன்புட் என்ற குறுக்குவழியைப் பழைய உதாரணங்களில் பார்ப்பீர்கள். உங்கள் த்ரெட்டை அடுத்தவர் த்ரெட்டோடு கட்டிவிட்டு, கெட்-ஃபோகஸை அழைத்து, பிறகு அவிழ்ப்பது. பதில் கிடைக்கும், உண்மைதான். ஆனால் கட்டியிருக்கும் நேரத்தில் அந்தப் புரோகிராம் உறைந்தால் உங்களுடையதும் சேர்ந்து உறையும். எந்த ஆபத்தைத் தவிர்க்க வரிசைகளைப் பிரித்தார்களோ, அதை நீங்களே திரும்ப அழைத்து வருகிறீர்கள். மூன்றாவதில் சொன்ன வழி இருக்கும்போது இது வேண்டவே வேண்டாம்.

5. இந்த வேலையில் பிரேக்பாயிண்ட் வைத்துப் பிழை தேடாதீர்கள். நிரல் நின்றதும் டிபக்கர் முன்னால் வந்துவிடும். ஃபோகஸ் அதற்குப் போய்விடும். அதன்பின் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு மதிப்பும் டிபக்கரைப் பற்றியதாகவே இருக்கும். உங்கள் கருவியிலேயே ‘கண்டுபிடி’ என்று பட்டன் வைத்தாலும் அதே கதைதான். அழுத்திய உடனே ஃபோகஸ் பட்டனுக்கு வந்துவிடும். ஆகவே டைமரோ குறுக்கு விசையோ வைத்து இயக்குங்கள், மதிப்புகளை லாக் ஃபைலில் எழுதுங்கள், பிறகு நிதானமாகப் படியுங்கள். விஷுவல் ஸ்டூடியோவோடு வரும் ஸ்பை பிளஸ்பிளஸ் கருவியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால், லாக்கில் விழுந்த ஹேண்டில் எந்த விண்டோவுடையது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதோடு சேர்ந்த ஒன்று. கேரட்டுக்குப் பக்கத்தில் பரிந்துரைப் பட்டியல் காட்டப்போகிறீர்கள் என்றால், அந்தப் பட்டியல் விண்டோவை நோ-ஆக்டிவேட் என்ற பாணியில் உருவாக்குங்கள். இல்லாவிட்டால் பட்டியலைக் கிளிக் செய்ததும் பயனர் எழுதிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஃபோகஸ் பறிபோகும்.

6. கிடைக்கும் செவ்வகம் திரையின் மூலையிலிருந்து அளந்ததல்ல. கேரட் இருக்கும் விண்டோவின் உட்பரப்பு மூலையிலிருந்து அளந்தது. மேப்-விண்டோ-பாயிண்ட்ஸ் வைத்துத் திரை அளவுக்கு மாற்றுங்கள். 150 சதவீதம் பெரிதாக்கிய லேப்டாப்பும் 100 சதவீத மானிட்டரும் ஒன்றாகச் செருகியிருக்கும் மேசையில் கட்டாயம் சோதியுங்கள். பழைய புரோகிராமும் உங்கள் புரோகிராமும் திரையளவை வேறு வேறாகப் புரிந்துகொண்டிருக்கும். பட்டியல் கேரட்டை விட்டு எங்கோ தள்ளி விழும்.

7. கேரட் விண்டோ புலம் நிரந்தரமாகவே வெறுமையாக வந்தால் உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது. குரோம், ஃபயர்பாக்ஸ், எலெக்ட்ரானில் கட்டிய விஷுவல் ஸ்டூடியோ கோட் போன்றவை விண்டோஸ் தரும் கேரட்டைப் பயன்படுத்தாமல் தாங்களே கோடு வரைந்துகொள்கின்றன. இயக்க முறைமையைப் பொறுத்தவரை அது நாலைந்து புள்ளிகளின் நிறம் மாறியது, அவ்வளவே. ஒரு பக்கம் முழுவதும் ஒரே விண்டோ. அதற்குள் இருக்கும் பெட்டிகளுக்கு ஹேண்டில் கிடையாது. இங்கே எந்த விண்டோ என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தாலும் பயன் குறைவு. எந்த உறுப்பு என்று கேட்க வேண்டும்.

அதற்கு அணுகல் வசதிக்கான இடைமுகங்கள் இருக்கின்றன. நான் சொல்லும் வரிசை இது. முதலில் மேலே சொன்ன கெட்-ஜியுஐ-த்ரெட்-இன்ஃபோ. அது வெறுமை என்றால், ஃபோகஸ் உள்ள விண்டோவிடம் கேரட்டுக்கான ஆக்சஸிபிள் ஆப்ஜெக்ட்டைக் கேளுங்கள். அதுவும் இல்லை என்றால் யூஐ ஆட்டோமேஷனுக்குப் போய், ஃபோகஸ் பெற்ற உறுப்பின் டெக்ஸ்ட்-பேட்டர்ன்-2 வழியாகக் கேரட் ரேஞ்சைக் கேளுங்கள். கிடைக்கும் ரேஞ்ச் நீளமற்றது. அதன் செவ்வகத்தை நேரடியாகக் கேட்டால் காலிப் பட்டியல் வரும். ஒரு எழுத்து அளவுக்கு ரேஞ்சை விரித்துவிட்டுக் கேட்டால் இடம் தெரியும். இந்தப் படியில் இரண்டு நாள் முட்டிக்கொண்டு நின்றவர்களை எனக்குத் தெரியும். அவர்களின் நிரலில் பிழை ஏதும் இல்லை, விரிக்கும் அந்த ஒரு வரிதான் இல்லை.

8. சும்மா சும்மா கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். செட்-வின்-ஈவென்ட்-ஹூக் வைத்தால் ஃபோகஸ் மாறும்போதும் கேரட் நகரும்போதும் விண்டோஸே வந்து சொல்லும். ஹூக் வைத்தும் எதுவும் வரவில்லை என்றால், அந்த த்ரெட்டில் மெசேஜ் லூப் ஓடுகிறதா என்று பாருங்கள்.

9. தமிழில் வேலை செய்கிறீர்கள் என்றால் இதை ஒருமுறை கையால் சோதித்துப் பாருங்கள். ‘தமிழ்’ என்று தட்டிவிட்டு, அம்பு விசையால் பின்னோக்கிப் போங்கள். மூன்றே அழுத்தலில் தொடக்கத்துக்கு வந்துவிடுவீர்கள், கண்ணுக்கு மூன்று எழுத்து என்பதால். யூனிகோடில் அது ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 ஆக எழுதினால் ஒவ்வொன்றும் மூன்று பைட் என்று 15 பைட். விண்டோஸின் யூடிஎஃப்-16 சரத்தில் சொல்லின் முடிவு 5-ஆம் இடம். லினக்ஸ் வேலண்டின் மூன்றாம் பதிப்பு டெக்ஸ்ட்-இன்புட் நெறிமுறை கேரட்டின் இடத்தைப் பைட் கணக்கில் சொல்வதால் அங்கே அதே இடம் 15. கேரட் எத்தனையாவது இடத்தில் என்று ஒரு எண் கையில் வந்தால், எதை எண்ணிய எண் அது என்று பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். இகரக் குறிக்கும் மகரத்துக்கும் நடுவே ஒரு எழுத்தைச் செருகிவிட்டால் சொல் உடைந்துபோகும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

10. மேக்கில் விண்டோவைத் தேடவே வேண்டாம். அணுகல் இடைமுகத்திடம் ஃபோகஸ் பெற்ற உறுப்பை நேரே கேட்கலாம். பயனர் செட்டிங்ஸில் அனுமதி தந்திருக்க வேண்டும். லினக்ஸில் ஃபோகஸ் எந்த விண்டோவில் என்பதை எக்ஸ்11 யார் கேட்டாலும் சொல்லும். வேலண்ட் பாதுகாப்புக் கருதி ஒரு புரோகிராமைப் பற்றி இன்னொன்றுக்குச் சொல்வதில்லை. அங்கே ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை வழியாக வருவதே நேர்வழி.

11. உங்களுக்குத் தேவை கேரட்டின் இடம் என்றால் இடத்தை மட்டும் எடுங்கள். சுற்றியுள்ள எழுத்தைப் படிக்கும் வசதி அதே இடைமுகத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காகப் படிக்காதீர்கள். அங்கே ஒருவருடைய கடிதம் இருக்கும், மருத்துவ அறிக்கை இருக்கும். கடவுச்சொல் பெட்டி என்று தெரிந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். நிர்வாகி உரிமையில் ஓடும் விண்டோவுக்கு உங்கள் சாதாரண நிரல் விசைகளை அனுப்ப முயன்றால் விஸ்டா காலம் முதலே விண்டோஸ் தடுக்கிறது. அந்தத் தடையைச் சுற்றிப்போக வழி தேடாதீர்கள். கையொப்பமிட்ட, முறையாக நிறுவிய அணுகல் கருவிகளுக்கு அதற்கென அனுமதி முறை இருக்கிறது.

12. கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது. இதுவரை சொன்ன தொல்லைகளில் பாதி, எடிட்டர் எழுதியவர்கள் தங்கள் கேரட்டை இயக்க முறைமைக்கு அறிவிக்காததால் வருபவை. நாளை நீங்களும் ஒரு எழுதும் பெட்டி உருவாக்குவீர்கள். அழகுக்காகக் கோட்டை நீங்களே வரைவீர்கள். வரையுங்கள், ஆனால் கூடவே கிரியேட்-கேரட் அழைத்து ஒரு கேரட்டை உருவாக்கி, ஷோ-கேரட் அழைக்காமல் மறைவாகவே வைத்து, உங்கள் கோடு நகரும்போதெல்லாம் செட்-கேரட்-போஸ் மூலம் அதையும் நகர்த்துங்கள். ஃபோகஸ் வரும்போது உருவாக்குங்கள், போகும்போது அழித்துவிடுங்கள். சில வரிகள்தான். திரையைப் பெரிதாக்கிப் படிக்கும் முதியவருக்கு உருப்பெருக்கி சரியான இடத்துக்கு நகர்வதற்கு இந்த வரிகள் போதும். திரைவாசிப்பானுக்கு இதோடு யூஐ ஆட்டோமேஷனின் டெக்ஸ்ட்-பேட்டர்னையும் கொடுங்கள்.

என்விடிஏ என்ற திரைவாசிப்பானை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் எழுதத் தொடங்கினார். அவரே பார்வையற்றவர். அது இலவசம், மூலநிரல் திறந்தது, தமிழையும் வாசிக்கும். உங்கள் எடிட்டரை வெளியிடுவதற்கு முன் அதை நிறுவி, மானிட்டரை அணைத்துவிட்டு, தமிழில் ஒரு பத்தி தட்டி, நடுவில் ஒரு சொல்லைத் திருத்திப் பாருங்கள். முடியவில்லை என்றால் வெளியீட்டைத் தள்ளிவையுங்கள்.