சமாதித் தலங்களை ஆராயும் முறை
(சைவாசிரியர்க்குரிய பாடம்)

துறவியரின் திருமேனியை நிலத்தில் இருத்தி, அதன்மேல் அடையாளம் தாபித்து வழிபடும் இடம் சமாதி எனப்படும். ஆதீனங்களில் அதனைக் குருமூர்த்தம் என்பர். இல்லறத்தார் உடலைத் தகனஞ் செய்தல் நம்மவர் வழக்கம். துறவியோ ஞானாக்கினியில் முன்னரே வெந்தவன். ஆதலின் அவன் உடலுக்குப் புறத்தீ வேண்டுவதில்லை என்பது ஆன்றோர் கொள்கை.

இக்கிரியையின் விதியைத் திருமூலர் திருமந்திரத்தின் ஏழாந் தந்திரத்தில் விரித்துரைத்தார். வீட்டின் பக்கம், வழிச்சாலை, குளக்கரை, ஆற்றிடை, பூஞ்சோலை, நகரின் நன்னிலம், காடு, மலைச்சாரல் என்பன சமாதிக்குரிய இடங்கள். குழியின் ஆழம் ஒன்பது சாண். அஃதாவது ஏறக்குறைய ஆறேமுக்கால் அடி. குகை முக்கோணமாய் அமைதல் வேண்டும். பஞ்சலோகமும் நவமணியும் பரப்பி, ஆசனமிட்டு, வெண்ணீறு பெய்து திருமேனியை இருத்துவர். மேலே அரசமரம், சிவலிங்கம் என்னும் இரண்டனுள் ஒன்றைத் தாபிப்பர். சந்நிதி வடக்கேனும் கிழக்கேனும் நோக்கியிருக்கும்.

இவ்விதியை அறிந்த ஆசிரியர்க்கு ஆராய்ச்சியின் முதற் கருவி கிடைத்துவிட்டது. மடத்து வளவில் ஒரு மூலையிலே தனித்து நிற்கும் பழைய அரசும், கருவறையின்றி மேடைமேல் இருக்கும் இலிங்கமும் அவரை நின்று வினவச் செய்யும். ஆயினும் அரசுள்ள இடமெல்லாம் சமாதி எனத் துணிதல் தவறாகும். அடையாளம் வினாவை எழுப்புமேயன்றி விடையைத் தாராது.

விடையைத் தருவது குருபூசை. துறவி சமாதியடைந்த மாதமும், நட்சத்திரம் அல்லது திதியும் ஆண்டுதோறும் போற்றப்படும். பூசை நடக்கும் இடத்தை ஊரார் மறப்பதில்லை. சோழநாட்டிலே திருவாவடுதுறை ஆதீனத்தை நிறுவிய நமச்சிவாய மூர்த்திகளின் குருபூசை தை அசுவதியில் நடைபெறுகின்றது. தருமபுர ஆதீனத்தில் குருமூர்த்தங்கள் உள்ள இடம் ஆனந்தபரவசர் பூங்கா எனப் பெயர் பெறும். 2019ஆம் ஆண்டு டிசம்பரில் சிவபதமடைந்த 26ஆம் குருமகாசந்நிதானமும் அங்கேயே இருத்தப்பெற்றார். பரம்பரை அறாதிருத்தலால் அங்கே தேடுவார்க்கு வருத்தமில்லை.

யாழ்ப்பாணத்து நிலை வேறு. இங்கு வாழ்ந்த சித்தர் பலர் மடாதிபதிகளாய் இருந்தவரல்லர். கடைத்தெருவிலும் தேரடியிலும் திரிந்தவர். பெரியகடையில் உலாவிய கடையிற் சுவாமிகள் 1891ஆம் ஆண்டு சிவபதமடைந்தார். அவர் சமாதி வண்ணார்பண்ணை நீராவியடியில் உள்ளது. அவர் சீடருள் ஒருவராகிய குழந்தைவேற் சுவாமிகளின் சமாதி கீரிமலையைச் சார்ந்தது. இவ்விடங்களைக் காத்தது அரசாங்கப் பத்திரமன்று, அடியார் அன்பே.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெரியார் ஒருவர்க்குக் கோயிலோ நிலையமோ இருத்தல் கொண்டு அங்கே திருமேனி அடக்கம்பெற்றது எனல் பிழை. கொழும்புத்துறையில் வாழ்ந்த யோகர் சுவாமிகள் 1964ஆம் ஆண்டு பங்குனியில் சிவபதமடைந்தபின் அவர் திருமேனி தகனஞ் செய்யப்பட்டது. 1879ஆம் ஆண்டு மறைந்த நாவலர் பெருமானுக்கும் தகனமே நிகழ்ந்தது. அவர் குருபூசையோ கார்த்திகை மகத்தில் இன்றும் நடைபெறுகின்றது. ஆகவே அடக்கம்பெற்ற இடம், அஸ்தி வைத்த இடம், நினைவு நிலையம் என்னும் மூன்றனையும் வேறுபிரித்து எழுதுக.

மிஷன் பாடசாலையிற் பயின்ற எம்போன்றார், கிறித்தவ சபையார் தம்முள் இறந்தவரின் பெயரையும் நாளையும் கல்லிற் பொறித்துப் புத்தகத்திலும் பதிந்து வைத்தலைக் கண்டிருக்கின்றோம். நம் துறவியர் தம் பெயரையும் துறந்தவர். கல்லில் எழுதாமை அவர்க்குப் பெருமையே. ஆனால் எழுதாத நமக்கு அது பெருமையாகாது. ஊரார் ஊரில் இருக்குமட்டும் வாய்மொழி போதும். ஊரே பெயர்ந்தபோது என் செய்வது?

கீரிமலை இதற்குச் சான்று. 1990ஆம் ஆண்டு போரினால் அப்பகுதி மக்கள் பெயர்ந்தனர். நிலம் உயர்பாதுகாப்பு வலயத்துள் நெடுங்காலம் அகப்பட்டது. 2023ஆம் ஆண்டு அங்கே சென்றோர், ஆதிச்சிவன் கோயிலும் துறவுநெறி நின்ற சடையம்மாவின் சமாதியும் இருந்த இடத்திற் காணப்படவில்லை என அறிவித்தனர். முப்பது ஆண்டுகளில் ஒரு தலைமுறை மூத்தோர் மறைந்துவிடுவர். சமாதி இருந்த இடத்தைக் கைநீட்டிக் காட்டுவோர் இல்லையாயின், கல் அழிந்ததோடு நினைவும் அழியும்.

ஆதலின் ஆசிரியர்கள் செய்யத்தக்கன இவை. முதலாவது, மூத்தோர் இருவர் மூவரைத் தனித்தனியே வினவி, ஒத்த கூற்றையும் ஒவ்வாத கூற்றையும் வேறாக எழுதுக. இரண்டாவது, காணிப்பெயரை உறுதியிலே பார்க்க. பழங்காணியாயின் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பும் பயன்படும். மடம், சாமி, சமாதி என்னுஞ் சொற்கள் காணிப்பெயரில் எஞ்சியிருத்தல் கூடும். மூன்றாவது, கிணறு, வீதி, கோயில் மதில் முதலிய நிலையான இரண்டு பொருள்களிலிருந்து தூரத்தை அளந்து படம் வரைக. நான்காவது, குருபூசை நாளையும் அதனை நடத்துவோர் முறையையும் குறிக்க. ஆராய்ச்சி என்று சொல்லி நிலத்தைத் தோண்டுதல் ஒருபோதும் ஆகாது, அது வழிபாட்டிடம்.

எழுதியதை மூன்று பிரதி செய்து, பாடசாலையில் ஒன்றும், கோயிலில் ஒன்றும், ஊருக்கு வெளியே நம்பிக்கையுள்ள நூல்நிலையத்தில் ஒன்றும் வைக்க. ஊர் பெயர்ந்தாலும் ஒரு பிரதி நிலைக்கும்.

மாணாக்கர்க்குரிய வினாக்கள்

1. துறவியரைத் தகனஞ் செய்யாமைக்குக் கூறப்படும் காரணம் யாது?
2. சமாதியின்மேல் தாபிக்கத்தக்க இரண்டு அடையாளங்கள் எவை?
3. சமாதிக்கும் நினைவு நிலையத்துக்கும் உள்ள வேறுபாட்டை உதாரணத்தோடு எழுதுக.
4. உங்கள் ஊரில் சமாதியடைந்த பெரியார் எவர்? அவர் குருபூசை எந்நாள்? வீட்டிலுள்ள மூத்தோரை வினவி எழுதி வருக.

நான்காம் வினாவுக்கு விடை இந்நூலிலும் இல்லை, எந்நூலிலும் இல்லாதிருக்கலாம். மூத்தோர் இருக்கும்போதே பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புதல் ஆசிரியர் கடன்.