சுற்றி வரும் எண் – 142857

சென்ற மாதம் ஒரு மாலை, என் பேத்தி கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டுக் கண் கலங்க உட்கார்ந்திருந்தாள். ஒன்றை ஏழால் வகுக்கும் வீட்டுப்பாடம். "முடியவே மாட்டேங்குது தாத்தா. எங்கேயோ தப்பு பண்ணிட்டேன். எனக்குக் கணக்கே வராது" என்றாள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. அது முடியாத கணக்குதான். ஆனால் அதில் ஓர் ஒழுங்கு உண்டு.

அவள் பள்ளியில் எல்லாம் ஆங்கிலம். நானோ நம் வாய்ப்பாட்டிலேயே சொல்ல வைத்தேன். பத்தில் ஓரேழு ஏழு, மீதி 3. முப்பதில் நாலேழு இருபத்தெட்டு, மீதி 2. இருபதில் ஈரேழு பதினாலு, மீதி 6. அறுபதில் எட்டேழு ஐம்பத்தாறு, மீதி 4. நாற்பதில் ஐயேழு முப்பத்தைந்து, மீதி 5. ஐம்பதில் ஏழேழு நாற்பத்தொன்பது, மீதி 1. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம்! இனி 142857 என்பதே திரும்பத் திரும்ப வரும்.

வாசகர்களும் பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு சரிபாருங்கள்:

142857 × 2 = 285714
142857 × 3 = 428571
142857 × 4 = 571428
142857 × 5 = 714285
142857 × 6 = 857142

அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை; தொடங்கும் இடம் மட்டும் வேறு. வட்டப் பாதையில் ஆறு ஸ்டேஷன்கள் இருந்தால், எங்கே ஏறினாலும் அதே வரிசையில்தானே வரும்? ஏழால் வகுத்தால் வரக்கூடிய மீதிகள் 1 முதல் 6 வரைதான். இங்கே ஆறும் ஒரே வட்டத்தில் வந்துவிடுகின்றன. 2/7 என்பது மீதி 2 என்ற இடத்தில் ஏறுவது. 3/7 என்பது மீதி 3 என்ற இடத்தில் ஏறுவது. அவ்வளவுதான் ரகசியம். ஏழால் பெருக்கினால்? 999999.

நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் டி. ஆர். கப்ரேகர் (1905–1986). வர்க்கத்தை இரண்டாக வெட்டிக் கூட்டினால் பழைய எண்ணே திரும்பக் கிடைக்கும் எண்களுக்கு அவர் பெயரே நிலைத்தது. நம் எண்ணும் அந்த வகைதான். இதன் வர்க்கம் 20408122449; 20408 + 122449 = 142857. முதுகலைப் படிப்பு இல்லாமலே இப்படி ஆராய்ந்தவர் என்பதால், டிப்ளமாக்காரனான எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

ரயில்வேயிலும் இந்த எண்ணை விடாமல் சந்தித்திருக்கிறேன். வட்டக் கணக்குக்கு நாம் எடுக்கும் 22/7 என்பது 3.142857142857... உண்மையான 'பை' 3.14159... புதிய கோச் சக்கரத்தின் விட்டம் 915 மி.மீ. இதன் சுற்றளவில் வரும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அற்பம்தான். ஆனால் சுற்றுகளை எண்ணித் தூரம் கணக்கிட்டால், 1000 கிலோமீட்டருக்குச் சுமார் 400 மீட்டர் கூடுதலாகக் காட்டும்!

பேத்தி இப்போது நோட்டை மூடுவதில்லை. மறுநாள் அவளே, "பதினேழால் வகுத்தா எத்தனை ஸ்டேஷன் தாத்தா?" என்று கேட்டாள். பதினாறு: 0588235294117647. இதை இரண்டால் பெருக்கினால் எந்த ஸ்டேஷனில் ஏறுகிறோம்? உங்கள் வீட்டுப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து கண்டுபிடியுங்கள். மீதியைத் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள்.