எந்தக் கொண்டைக்காரனை வளர்ப்பது?

'ஜுராசிக் வேர்ல்டு எவல்யூஷன்' விளையாட்டில் பூங்கா கட்ட உட்காரும் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் தேடுவது டைரனோசாரஸைத்தான். என் அக்கா மகனும் அப்படித்தான் ஆரம்பித்தான். தழை தின்னும் கூட்டத்தை முதலில் நிலைநிறுத்து, அதிலும் தலையில் கொண்டை உள்ளதாகப் பார்த்து எடு என்றேன். "எதை மாமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முதல் தேர்வு பாராசாரோலோபஸ். பிடரிக்குப் பின்னால் நீளும் அதன் கொண்டை வெறும் எலும்புக்கட்டை அல்ல, உள்ளே குழல். மூக்கிலிருந்து போகும் காற்று கொண்டையின் நுனிவரை ஏறி, வளைந்து, திரும்பி இறங்கித்தான் தொண்டைக்கு வரும். நியூ மெக்சிகோவில் 1995இல் கிடைத்த ஒரு மண்டையோட்டைச் சாண்டியா ஆய்வகத்தார் ஸ்கேன் செய்து, அந்தக் குழல் எழுப்பியிருக்கக்கூடிய ஒலியைக் கணினியில் உருவாக்கினார்கள். ஆழ்ந்த, அடிவயிற்றிலிருந்து வருவதுபோன்ற ஒலி அது. தஞ்சைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆடுதுறையை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிறவர்களுக்குக் குழல் நீண்டால் சுருதி இறங்கும் என்பது கைப்பாடம். குட்டையான திமிரி கீச்சென்று உச்சத்தில் நிற்கும். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை பரப்பிய நீண்ட பாரி கீழே இறங்கிக் கனத்துப் பேசும். வளர்ந்த பாராசாரோலோபஸ் பாரி என்றால் அதன் குட்டி திமிரி. யூட்டாவில் கிடைத்து 2013இல் விவரிக்கப்பட்ட குட்டியின் தலையில் சின்னப் புடைப்பு மட்டுமே இருந்தது. விளையாட்டின் 2025இல் வந்த மூன்றாம் பாகத்தில் குட்டிகளையும் வளர்க்கலாம் என்பதால், தாயையும் குட்டியையும் பக்கத்தில் வைத்துக் கொண்டையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒலியைவிட உருவம் முக்கியம் என்பவர்களுக்குக் கொரித்தோசாரஸ். தலைக்கவசத்தைச் செங்குத்தாக நிறுத்தியதுபோன்ற கொண்டை. 1914இல் பெயர் வைத்த பார்னம் பிரவுன் அதில் காசோவரிப் பறவையின் கொண்டையைக் கண்டார். பார்வை மாடத்திலிருந்து தூரத்தில் நின்றாலும் அடையாளம் தெரியும்.

சிங்டாவோசாரஸை அதன் கதைக்காகவே எடுக்கலாம். 1958இல் பெயர் பெற்றபோது நெற்றியில் ஒற்றைக்கொம்பு நட்ட விலங்காக வரைந்தார்கள். அந்தக் கொம்பு ஒரு பெரிய கொண்டையின் பின்பகுதி மட்டுமே என்று 2013இல் வந்த ஆய்வு சொன்னது. ஒலோரோடைட்டனின் பெயருக்கு மாபெரும் அன்னம் என்று பொருள். விசிறிக் கொண்டை, நீண்ட கழுத்து, நல்ல அழகு. ஆனாலும் மற்றவை வந்தபிறகு வாங்கினால் போதும்.

எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் தனியாக விடாதீர்கள். ஒற்றை மாட்டைக் கட்டிவைத்தால் இரவெல்லாம் கத்தும், இவையும் மந்தை விலங்குகள்தான். திருப்பித் தாக்கத் தெரியாதவை என்பதால் ஊனுண்ணி இருக்கும் அடைப்பில் சேர்க்கவே கூடாது. குளம் வேண்டும், மரநிழல் வேண்டும், நடமாட வெட்டவெளியும் வேண்டும். 2021இல் வந்த இரண்டாம் பாகத்திலிருந்து தீனிச்செடிகளையும் நாமே நட வேண்டும். வாய்க்காலும் திடலும் தோப்புமாக ஊரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது எளிதில் வரும்.

"நம்ம ஊரு டைனோசார் எதுவும் இல்லையா?" என்று கேட்டான். இந்தியாவில் இந்தக் கொண்டைக் குடும்பத்தின் எலும்பு கிடைத்ததில்லை. ஆனால் கொள்ளிடம் தாண்டிய அரியலூர்ப் பக்கம், கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1980களில் பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். கொண்டை இல்லாத, நீண்ட கழுத்துள்ள பேருருவத் தழைதின்னி என்று இன்று கருதுகிறார்கள். அந்த எலும்புகள் காக்கப்படாமல் போய்விட்டன. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அவனை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறேன். அதுவரை அவனுடைய குளக்கரையில் ஐந்து பாராசாரோலோபஸ் மேய்கின்றன.